0.19-ல இருந்து 1.0க்கு போறோம்: ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி எதையெல்லாம் முடிவு பண்ணிடணும்?

#1 நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேர் சேர்ந்து நாலு வருஷமா ஒரு சின்ன வெப் ஃபிரேம்வொர்க் எழுதிட்டு வரோம், நோட்.ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வர்ல ஓட்டறது) ஓடுறது, எம்ஐடி லைசன்ஸ், ரூட்டர், மிடில்வேர், செஷன், டெம்ப்ளேட் அவ்ளோதான். 0.1ல ஆரம்பிச்சு இப்ப 0.19ல நிக்குது. போன வாரம் 1.0க்கான முதல் ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட், ரிலீஸுக்கு முன்னாடி கடைசியா சோதிச்சுப் பார்க்க விடறது) வெளிய விட்டாச்சு. ஃபீச்சர் லிஸ்ட்ல இருந்தது எல்லாம் முடிஞ்சது, டெஸ்ட் எல்லாம் பச்சை.

ஆனா மனசு ஒப்பல. எங்க மூணு பேர்ல ஒருத்தர் "இன்னும் எதுக்கு இழுக்கணும், விட்டுடலாம்"ங்கறார், இன்னொருத்தர் "சில விஷயங்கள் உறுத்துது, சரி பண்ணிட்டு விடலாம்"ங்கறார், நான் நடுவுல. 0.x-ல இருக்கும்போது எதையாவது தப்பா பண்ணா அடுத்த வெர்ஷன்ல மாத்திக்கலாம்னு ஒரு தைரியம் இருந்துச்சு, அது இனிமே கிடையாதுன்னு நினைச்சா கை நிக்குது. நீங்க யூஸ் பண்ற ஃபிரேம்வொர்க் 1.0 ஆனப்போ என்ன பார்த்தீங்க, எது உங்களுக்கு உதவுச்சு, எது காலை வாருச்சுன்னு சொன்னா நல்லாருக்கும். எங்களோடதை ஏற்கனவே ஓட்டிட்டு இருக்கறவங்களும் இங்க இருக்கீங்கன்னு தெரியும், மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க.

#2 ராக்கோழி

முதல்ல வாழ்த்துகள் ப்ரோ. நாலு வருஷம் விடாம இழுத்துட்டு வர்றது லேசுப்பட்ட வேலை இல்ல.

நான் ஒன்றரை வருஷமா ப்ரொடக்ஷன்ல இதைத்தான் ஓட்டிட்டு இருக்கேன். 0.14ல மிடில்வேருக்கு வர்ற ஆர்க்யுமெண்ட் வரிசையை மாத்துனீங்களே, அன்னைக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. குறை சொல்லல, 0.x-ன்னு தெரிஞ்சுதானே எடுத்தேன். ஆனா 1.0ங்கறது என்னைப் பொறுத்தவரைக்கும் ஃபீச்சர் சமாச்சாரமே இல்ல, அப்டேட் போட்டுட்டு நிம்மதியா தூங்கலாமா வேண்டாமாங்கறதுதான்.

ஒரு விஷயம் நீங்க யோசிச்சிருப்பீங்க, இருந்தாலும் சொல்றேன். என் பேக்கேஜ் ஃபைல்ல இப்ப ^0.19.2னு இருக்கு. முதல் நம்பர் பூஜ்யமா இருக்கற வரைக்கும் அந்த ^ங்கற கேரட் குறி 0.19.xக்குள்ளயேதான் சுத்தும், நீங்க 0.20 விட்டாலும் நானா போய் மாத்தினாத்தான் வரும். அதே ^1.0.0னு ஆனதும் 1.1, 1.2, 1.30 வரைக்கும் எல்லாத்துக்கும் கதவு திறந்துடும், 2.0க்கு மட்டும்தான் சாத்தும். லாக் ஃபைல் (இன்ஸ்டால் ஆன வெர்ஷனை அப்படியே பூட்டி வைக்கறது) இருந்தா அன்னைக்கே வராது, ஆனா யாராவது ஒருத்தர் ஒரு நாள் அப்டேட் கமாண்ட் அடிப்பாங்க, அப்ப வந்துடும். அதாவது இது வரைக்கும் நான் கூப்பிட்டாத்தான் நீங்க என் வீட்டுக்குள்ள வருவீங்க, இனிமே சாவி உங்க கையில இருக்கு. இதை மனசுல வெச்சுட்டு முடிவு பண்ணுங்க.

#3 அடிக்குறிப்பு

> டெஸ்ட் எல்லாம் பச்சை

டெஸ்ட் பச்சையா இருக்கறதும் 1.0க்கு தயாரா இருக்கறதும் வேற வேற.

இந்த நம்பரைப் பத்தி நிறைய பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, 1.0ன்னா "முழுசா முடிஞ்சது", 0.x-ன்னா "அரைவேக்காடு"ன்னு. பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க் ஃபிளாஸ்க் 2010ல வந்துச்சு, 1.0 ஆனது 2018 ஏப்ரல்ல. நடுவுல எட்டு வருஷம் எத்தனையோ பேர் அதை ப்ரொடக்ஷன்ல ஓட்டினாங்க, யாரும் அரைவேக்காடுன்னு ஒதுக்கல. ரியாக்ட் 0.14ல இருந்து 2016ல நேரா 15க்கு தாவுச்சு, பூஜ்யத்தை எடுத்துட்டு பின்னாடி இருந்த நம்பரை முன்னாடி கொண்டு வந்துட்டாங்க, ஏன்னா அது ரொம்ப நாளாவே ஸ்டேபிளாதான் ஓடிட்டு இருந்துச்சு, நம்பர்தான் அதைச் சொல்லல. நோடே 0.12ல கிடந்துச்சு, ஐஓ.ஜேஎஸ்னு ஒரு குழு பிரிஞ்சு போய் திரும்ப சேர்ந்தப்புறம் 2015 செப்டம்பர்ல 4.0னு வந்துச்சு.

வெர்ஷன் நம்பர் எப்படி போடணும்னு சொல்ற செம்வர் விதியை எடுத்துப் பாருங்க. பூஜ்யத்துல ஆரம்பிக்கிற வெர்ஷன்ல எது வேணா எப்ப வேணா மாறலாம்னு இருக்கு, 1.0.0ங்கறது பப்ளிக் ஏபிஐயை, அதாவது வெளிய இருக்கறவங்க நம்பி கூப்பிடக்கூடியதை, வரையறுக்கிற இடம்னு இருக்கு. அவ்ளோதான். தரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அதனால "ரெடியா"ங்கறதை விட்டுட்டு நான் கேக்கறது ஒண்ணுதான்: உங்க பப்ளிக் ஏபிஐ எதுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா? எழுதலைன்னா 1.0ல எதைக் காப்பாத்தறோம்னு உங்களுக்கே தெரியாது.

#4 நூல்கண்டு

@அடிக்குறிப்பு உண்மையைச் சொல்றேன், எழுதல. டாக்ஸ்ல இருக்கறது ஒரு பக்கம், மெயின் ஃபைல் எக்ஸ்போர்ட் பண்றது ஒரு பக்கம். நீங்க கேட்டப்புறம் உக்காந்து எண்ணிப் பார்த்தேன், எக்ஸ்போர்ட் ஆகற ஃபங்ஷன் 61, டாக்ஸ்ல இருக்கறது 38. மிச்ச 23ம் எங்க உள் வேலைக்கு எழுதினது, டெஸ்ட்ல இருந்து கூப்பிட வசதியா இருக்கேன்னு வெளிய விட்டது. அதை யாராவது யூஸ் பண்றாங்களான்னு கோட் தேடல்ல போட்டுப் பார்த்தா பண்றாங்க. பாத்-ஐ பிரிக்கிற ஒரு சின்ன ஹெல்ப்பரை நாலஞ்சு ப்ராஜெக்ட்ல நேரா இம்போர்ட் பண்ணிருக்காங்க. எங்களுக்கு இது தெரியவே தெரியாது.

#5 அடிக்குறிப்பு

அதான் விஷயம். கூகுள்ல இருந்த ஹைரம் ரைட் பேர்ல ஒரு விதி சொல்வாங்க: யூஸ் பண்றவங்க எண்ணிக்கை கூடக் கூட, நீங்க எழுத்துல என்ன உறுதி கொடுத்தீங்கங்கறது முக்கியமில்லாம போயிடும், கண்ணுக்குத் தெரியற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருத்தர் நம்பி எழுதியிருப்பார். அந்த 23ஐயும் ஆர்சிலயே மூடிடுங்க. பேக்கேஜ் ஃபைல்ல எக்ஸ்போர்ட்ஸ் பகுதியில உள் பாதைகளை அடைச்சுட்டா வெளிய இருந்து இம்போர்ட் பண்ணவே முடியாது. இப்ப நாலு பேர் திட்டுவாங்க, 1.3ல மூடினா நாப்பது பேர் திட்டுவாங்க, அப்ப அவங்க பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

#6 ஈரமண்

பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க் ஜாங்கோவோட 1.0 வந்த கதையை இங்க சொல்லியே ஆகணும், ஏன்னா நான் பார்த்ததுல பொறுப்பா 1.0 ஆனதுக்கு அதுதான் நல்ல உதாரணம்.

அமெரிக்காவுல லாரன்ஸ்னு ஒரு ஊர்ல பத்திரிகை ஆபீஸ் வேலைக்காக எழுதினது, 2005 ஜூலைல ஓப்பன் சோர்ஸ் ஆச்சு, 1.0 வந்தது 2008 செப்டம்பர் 3. மூணு வருஷத்துக்கு மேல. 0.96க்கும் 1.0க்கும் நடுவுல மட்டும் 4,000க்கு மேல கமிட், 2,000க்கு மேல பக் சரி பண்ணிருக்காங்க, புதுசா 40,000 வரி டாக்குமெண்டேஷன்னு அவங்க ரிலீஸ் குறிப்புலயே இருக்கு. அந்த கடைசி நம்பரைத்தான் நான் பலபேர்கிட்ட சொல்லிட்டே இருப்பேன். கோட் எழுதறவங்க எல்லாரும் கமிட் எண்ணிக்கையைப் பார்த்து வாயைப் பொளப்பாங்க, ஆனா புதுசா வர்ற ஒருத்தனுக்கு ஃபிரேம்வொர்க்னா அந்த 40,000 வரிதான்.

அவங்க செஞ்ச ஒரு வேலை எனக்கு ரொம்பப் புடிச்சது. ஃபார்ம்ஸ் லைப்ரரியை அடியோட மாத்தி எழுதணும்னு முடிவு பண்ணாங்க. பழசை ஒரே நாள்ல தூக்கல. 0.96ல புதுசை "நியூஃபார்ம்ஸ்"ங்கற பேர்ல பக்கத்துலயே வெச்சாங்க, வெச்சுட்டு "இதை இம்போர்ட் பண்ணும்போது ஃபார்ம்ஸ்னு பேர் கொடுத்து இம்போர்ட் பண்ணிக்கோங்க"ன்னு டாக்ஸ்லயே சொல்லிட்டாங்க. 1.0ல நியூஃபார்ம்ஸ் நிஜமாவே ஃபார்ம்ஸ் ஆனப்போ, சொன்னபடி எழுதினவங்க ஃபைலுக்கு ஒரு இம்போர்ட் வரியை மட்டும் மாத்தினா போதும், கீழ இருக்கற கோட் எதையும் தொட வேண்டாம். ஒன்றரை வருஷம் முன்னாடியே யோசிச்சு அடுத்தவங்க கோட்ல வழி வெட்டி வெச்சிருக்காங்க பாருங்க.

டெம்ப்ளேட்ல ஆட்டோ எஸ்கேப் (உள்ள வர்ற டெக்ஸ்ட்ல இருக்கற எச்டிஎம்எல் குறிகளை வேலை செய்யாம ஆக்கறது) டீஃபால்ட்டா ஆன் ஆனதும் 1.0லதான். அது பல சைட்டோட பக்கங்களை உடைச்சிருக்கும். ஆனா அதை விட்டா எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையை (வேற யாரோ நம்ம பக்கத்துக்குள்ள ஸ்கிரிப்ட் நுழைக்கறது) வாழ்நாள் முழுக்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா அடைச்சுட்டு இருக்கணும். உடைக்க வேண்டியதை 1.0க்கு முன்னாடி உடைச்சுட்டு, 1.0 கூடவே "இதெல்லாம் 1.x முழுக்க மாறாது"ன்னு ஏபிஐ ஸ்டெபிலிட்டின்னு ஒரு பக்கம் எழுதி வெச்சாங்க. பாதுகாப்புப் பிரச்சனைன்னா மட்டும் விதிவிலக்குன்னு அதுலயே சொல்லிட்டாங்க. அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு உங்களுக்கு ஒண்ணு எழுதுங்க.

#7 ராக்கோழி

உடைக்க வேண்டியதை முன்னாடியே உடைங்கன்னு ஈரமண் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. குவெரி ஸ்ட்ரிங், லிங்க்ல கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற பகுதி. இதை நான் ரொம்ப நாளா இஷ்யூவா போடணும்னு நினைச்சு போடாமலே விட்டுட்டேன், என் தப்புதான்.

லிங்க்ல ?டேக்=சிவப்பு னு வந்தா உங்க ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்ல டேக் ஒரு ஸ்ட்ரிங். ?டேக்=சிவப்பு&டேக்=பச்சை னு ரெண்டு வந்தா அதே டேக் ஒரு அர்ரே. வகையை முடிவு பண்றது கோட் எழுதற நான் இல்ல, லிங்க்கை டைப் பண்ற யாரோ ஒருத்தர்.

எனக்கு என்ன ஆச்சுன்னா, ஃபில்டர்ல பச்சை இருக்கான்னு பார்க்க இன்க்ளூட்ஸ் போட்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்க்ளூட்ஸ் ஸ்ட்ரிங்குக்கும் இருக்கு அர்ரேக்கும் இருக்கு, எர்ரரே வராது. ரெண்டு டேக் வந்தா அர்ரே, முழு வார்த்தையா ஒப்பிடும். ஒரே டேக் வந்தா ஸ்ட்ரிங், உள்ள எங்கயாவது அந்த எழுத்துகள் இருக்கான்னு பார்க்கும். ஆக "இளம்பச்சை"ன்னு ஒண்ணு மட்டும் தேர்ந்தெடுத்தா பச்சையும் சேர்ந்து வருது, கூட இன்னொரு நிறத்தை சேர்த்து தேர்ந்தெடுத்தா பச்சை மாயமாயிடுது. மூணு நாள் டேட்டாபேஸ்ல தப்புன்னு நினைச்சு அங்கயே தேடிட்டு இருந்தேன். நிறம்ங்கறதால போச்சு, அதே இடத்துல பயனருக்கு என்ன அனுமதி இருக்குன்னு சரிபார்க்கற கோட் இருந்திருந்தா?

#8 நூல்கண்டு

இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். அந்தப் பகுதி ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச முதல் மாசத்துல நான் எழுதினது. எழுதும்போது "ஒண்ணு வந்தா ஒண்ணு, நிறைய வந்தா நிறைய, எவ்ளோ வசதி"ன்னு சந்தோஷப்பட்டது நல்லா ஞாபகம் இருக்கு. நாலு வருஷத்துல அந்த ஃபைலை யாரும் தொடவே இல்ல, அதனாலயே அது சரியா இருக்குன்னு நம்பிட்டோம். மன்னிச்சுக்கோங்க ராக்கோழி.

இப்ப கேள்வி, ஆர்சி விட்டப்புறம் இவ்ளோ பெருசா ஒண்ணை மாத்தலாமா?

#9 சுருக்கெழுத்து

மாத்தக் கூடாதுங்கறது என் கருத்து. ஆர்சின்னா ரிலீஸுக்கான வேட்பாளர், அதுல இனிமே பக் மட்டும்தான் சரி பண்ணுவோம்னு அர்த்தம். உங்களை நம்பி ஏற்கனவே ஆர்சில டெஸ்ட் பண்ணி முடிச்சவங்க இருப்பாங்க, அவங்க உழைப்பு வீணாகும். டாக்ஸ்ல பெருசா ஒரு எச்சரிக்கை போடுங்க, 2.0ல மாத்துங்க. செம்வர் இருக்கறதே அதுக்குத்தானே.

#10 ஈரமண்

@சுருக்கெழுத்து கொள்கையா பார்த்தா நீங்க சொல்றது சரி, நடைமுறையில 2.0ங்கறது பல ப்ராஜெக்ட்டுக்கு வராத பஸ். நோட் ஃபிரேம்வொர்க் எக்ஸ்பிரஸோட 5ஐ பாருங்க, முதல் ஆல்ஃபா 2014ல, ஸ்டேபிளா வந்தது 2024ல. அதை நடத்தினவங்களைக் குறை சொல்ற உரிமை எனக்கு இல்ல, அவ்ளோ பேர் நம்பி இருக்கற ஒண்ணை அசைக்கறது எவ்ளோ பாரம்னு அது காட்டுது. பிரபலமாக ஆக மேஜர் வெர்ஷன் விடறது கஷ்டமாகிட்டே போகும். இன்னைக்கு யூஸ் பண்றவங்க கையளவுதான், இன்னைக்கு செய்யறதுதான் இருக்கறதுலயே குறைஞ்ச வலி.

ஸ்வெல்ட்கிட்ங்கற வெப் ஃபிரேம்வொர்க்ல இதைத்தான் செஞ்சாங்க. 2022 ஆகஸ்ட்ல ரூட்டிங் ஃபைல் பேர் வைக்கற முறையையே தலைகீழா மாத்தினாங்க, ஏகப்பட்ட பேர் கோபப்பட்டாங்க, ஆனா மாத்தறதுக்கு ஒரு மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டும் கூடவே கொடுத்தாங்க, டிசம்பர் 14 அன்னைக்கு 1.0 வந்துச்சு. அந்த ஆகஸ்ட் மாற்றத்தை 1.0க்கு அப்புறம் செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

குவெரிக்கு ஜாங்கோ வழி எளிமையானது. சாதாரணமா கேட்டா எத்தனை வந்தாலும் கடைசியா வந்த ஒண்ணு மட்டும் கிடைக்கும், எல்லாம் வேணும்னா தனியா கெட்லிஸ்ட்னு கேக்கணும், அப்ப ஒண்ணே ஒண்ணு வந்தாலும் லிஸ்ட்டாதான் வரும். வகை எதுங்கறது கோட் எழுதறவர் கையில இருக்கும்.

#11 சுருக்கெழுத்து

எக்ஸ்பிரஸ் உதாரணம் நியாயமானது, ஏத்துக்கறேன். ஆனா ஒரு நிபந்தனை வைங்க: மாத்தினா ஆர்சி2ன்னு புதுசா விட்டு, குறைஞ்சது ரெண்டு வாரம் எதையும் தொடாம இருங்க. மாத்தின அன்னைக்கே சூட்டோட சூடா 1.0ன்னு விடறதுதான் இருக்கறதுலயே மோசம்.

#12 பூட்டுசாவி

பாதுகாப்பு வேலை பாக்கறவன்ங்கறதால என் பங்குக்கு. ரூபி மொழியோட வெப் ஃபிரேம்வொர்க் ரெயில்ஸ், அதோட 1.0 2005 டிசம்பர்ல வந்துச்சு. 2006 ஆகஸ்ட்ல பெரிய ஓட்டை ஒண்ணு தெரிய வந்து 1.1.5ஐ விட்டாங்க, என்ன ஓட்டைன்னு சொல்லாம "கட்டாயம் அப்டேட் பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. என்னன்னு தெரியாம பலரும் தவிச்சுப் போனாங்க, முதல் பேட்ச் முழுசா அடைக்கலைன்னு அடுத்த நாளே 1.1.6 வந்துச்சு, கூடவே முழு விவரமும் வந்துச்சு. திறமை இல்லாம நடந்தது இல்ல அது. இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்யணும்னு முன்னாடியே உக்காந்து எழுதி வெச்சிருக்கணும்.

நீங்களும் எழுதுங்க. ஓட்டை கண்டுபிடிச்சவர் பப்ளிக் இஷ்யூல போடாம தனியா யாருக்கு அனுப்பணும், எத்தனை நாளைக்குள்ள பதில் வரும், எந்தெந்த வெர்ஷனுக்கு பேட்ச் கொடுப்பீங்க. 0.19க்கு கொடுப்பீங்களா, எது வரைக்கும்? ஒரு பக்கம் போதும், ஆனா 1.0க்கு முன்னாடியே இருக்கணும்.

அப்புறம் டீஃபால்ட். உங்க ஆர்சியை இறக்கி ஒரு வெறும் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுப் பார்த்தேன். எர்ரர் வந்தா முழு ஸ்டாக் ட்ரேஸும் (எர்ரர் எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன் வழியா வந்துச்சுங்கற பட்டியல்) பிரவுசருக்குப் போகுது, என்விரான்மெண்ட் வேரியபிள் வெச்சாத்தான் நிக்குது. இது தலைகீழா இருக்கணும். கேட்டாத்தான் காட்டணும். செஷன் குக்கிக்கு எச்டிடிபி ஒன்லி (பக்கத்துல ஓடற ஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்க முடியாது) இருக்கு, சேம்சைட் (வேற சைட்ல இருந்து வர்ற ரிக்வெஸ்ட்டோட குக்கி போறதைக் கட்டுப்படுத்தறது) இல்ல. டீஃபால்ட்டும் நீங்க கொடுக்கற உறுதிமொழிலதான் சேரும், 1.0க்கு அப்புறம் மாத்தினா அதுவும் பிரேக்கிங் சேஞ்ச்தான்.

#13 புதுவரவு

குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் இப்பதான் பேக்எண்ட் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். 1.0 வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா, இல்ல இப்பவே ஆரம்பிக்கலாமா?

#14 அடிக்குறிப்பு

@புதுவரவு இப்பவே ஆரம்பிங்க, ஆர்சிலயே. டாக்ஸ்ல ஆரம்பப் பாடத்தை வரிக்கு வரி செஞ்சு பாருங்க, எங்க முட்டி நிக்கறீங்களோ அதை இஷ்யூவா போடுங்க. அந்தப் பாடத்தை எழுதினவங்களுக்கு அங்க முட்டும்னு கண்ணுக்கே தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். சின்ன விஷயம்னு நினைச்சு விட்டுடாதீங்க.

@நூல்கண்டு இன்னொண்ணு, இதை யாரும் கேக்க மாட்டாங்க அதனால நான் கேக்கறேன். மூணு பேர், சம்பளம் கிடையாது, வேற வேலைக்குப் போயிட்டு ராத்திரி எழுதறீங்க. 1.0 ஆனதும் வர்ற இஷ்யூ இப்ப வர்றது மாதிரி இருக்காது, கம்பெனிகள்ல இருந்து "எங்களுக்கு அவசரம்"னு வருவாங்க. எவ்ளோ நாள் 1.xஐ பார்த்துப்பீங்கன்னு உங்களால முடியற அளவுக்கு மட்டும் சொல்லுங்க. அஞ்சு வருஷம்னு ஆசைல சொல்லிட்டு ஒரு வருஷத்துல சோர்ந்து போறதை விட, 2.0 வந்து ஒரு வருஷம் வரைக்கும் பாதுகாப்பு பேட்ச் மட்டும்னு சொல்லி அதை காப்பாத்தறது மேல். ரிலீஸ் பண்ற உரிமை, என்பிஎம் அக்கவுண்ட் சாவி ரெண்டும் ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா இன்னைக்கே இன்னொருத்தருக்கும் கொடுங்க.

#15 நூல்கண்டு

மூணு பேரும் நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் பேசினோம், இந்த இழையை வரிவரியா படிச்சோம். 1.0 தள்ளிப் போகுது. ஆர்சி2 இப்பதான் விட்டேன்.

குவெரி மாறிடுச்சு: ஒண்ணு கேட்டா எப்பவும் கடைசி ஸ்ட்ரிங், எல்லாம் கேட்டா எப்பவும் அர்ரே, ஒண்ணுமே வரலைன்னா காலி அர்ரே. பழைய மாதிரி நேரா எடுத்தா ஆர்சில எர்ரர் அடிக்கும், எந்த ஃபைல் எந்த வரின்னும் சொல்லும். சத்தமில்லாம வேற மதிப்பு வர்றதை விட உடைஞ்சு விழறது நல்லதுன்னு முடிவு பண்ணோம். மாத்திக் கொடுக்க ஸ்கிரிப்ட்டும் இருக்கு. உள் ஃபங்ஷன் 23ல 22ஐ மூடியாச்சு, பாத் ஹெல்ப்பரை மட்டும் டாக்ஸ் எழுதி பப்ளிக்கா ஏத்துக்கிட்டோம், ஏன்னா ஜனங்களுக்கு அது நிஜமாவே தேவைப்படுது. ஸ்டாக் ட்ரேஸ், சேம்சைட் ரெண்டும் பூட்டுசாவி சொன்னபடி. 0.19க்கு ஆறு மாசம் பாதுகாப்பு பேட்ச் உண்டு. ஸ்டெபிலிட்டி பக்கம் எழுதிட்டு இருக்கேன், நினைச்சதை விட கஷ்டமா இருக்கு, "மாறாது"ன்னு டைப் பண்றப்பல்லாம் கை நிக்குது. சாவி மூணு பேர்கிட்டயும் இருக்கு.

ரெண்டு வாரம் எதையும் தொட மாட்டோம்.

#16 ராக்கோழி

ஆர்சி2வை ஸ்டேஜிங்ல போட்டுட்டேன். குவெரியைத் தொடற இடம் 31 இருந்துச்சு, ஸ்கிரிப்ட் 28ஐ சரியா மாத்திடுச்சு. மிச்சம் மூணும் கீ பேரை வேரியபிள்ல வெச்சு எடுக்கற இடம், அதை எந்த ஸ்கிரிப்ட்டாலயும் கண்டுபிடிக்க முடியாது, ஆனா ஓட்டினதும் நீங்க சொன்ன மாதிரியே ஃபைல் பேரோட எர்ரர் வந்துச்சு, பத்து நிமிஷத்துல முடிஞ்சது. இளம்பச்சை இப்ப இளம்பச்சை மட்டும்தான்.

ஒண்ணே ஒண்ணு: எர்ரர்ல சொல்ற வரி நம்பர் டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்ல தப்பா காட்டுது, கம்பைல் ஆன ஃபைலோட நம்பரைச் சொல்லுது. இஷ்யூ போட்டிருக்கேன், இந்த தடவை அன்னைக்கே.

#17 நூல்கண்டு

பார்த்துட்டேன், சோர்ஸ்மேப் (கம்பைல் ஆன வரி எழுதின ஃபைல்ல எந்த வரின்னு சொல்றது) படிக்காம விட்டது. இது பக்தான், அதனால சுருக்கெழுத்து கோவிச்சுக்க மாட்டார்னு நம்பறேன். இன்னைக்கு ராத்திரி ஆர்சி3. ரெண்டு வாரக் கணக்கு அதுல இருந்து திரும்ப ஆரம்பிக்குது.